சுற்றும் பல்லும்: மின் ரிமோட் கார்களில் உடையும் இடம் நகர்ந்த வரலாறு

சுமார் 36 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உடையதாய், முகப்பில் 25 மில்லிமீட்டர் இடைவெளிவிட்டு இரண்டு திருகுத் துளைகள் கொண்டதாய் அமைந்த சிறிய உருளை மோட்டார் ஒன்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டாக மின்கலத்தில் ஓடும் ரிமோட் கார்களின் பொது அளவாக நிலைத்திருக்கிறது. ஜப்பானின் மபுச்சி நிறுவனம் 540 என்ற எண்ணிட்டு வெளியிட்ட மோட்டாரே இந்த அளவுக்கு மூலம். பின்னால் வந்த பந்தய மோட்டார்களும், பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார்களுக்கான இன்றைய பிரஷ்லெஸ் மோட்டார்களில் பெரும்பாலானவையும் இதே துளைகளில் பொருந்துமாறே செய்யப்பட்டன; ஆகவே ஒரு நிறுவனத்தின் காரில் வேறொரு நிறுவனத்தின் மோட்டாரைப் பூட்டுவது இரண்டு திருகுகளையும் சில கம்பிகளையும் கழற்றி மாட்டும் வேலையாகச் சுருங்கியது. மோட்டாரை மாற்றுவது இவ்வளவு எளிதாக இருந்ததனாலேயே, அதன் விளைவைத் தாங்குவது மற்ற உறுப்புகளுக்குக் கடினமாயிற்று. மோட்டாரின் அச்சில் பூட்டிய பினியன் என்னும் சிறு பல்சக்கரம், அது சுழற்றும் ஸ்பர் என்னும் பெரிய பல்சக்கரம், வளைவில் இடவலச் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் உருள வழிசெய்யும் டிஃபரன்ஷியல், அங்கிருந்து சக்கரம்வரை செல்லும் ஷாஃப்ட் ஆகியவை சேர்ந்ததே இயக்கத் தொடர் எனப்படும். இவ்வகைக் கார்களின் வரலாற்றை வேகத்தின் வரலாறாக எழுதுவதே வழக்கம். பட்டறை மேசையிலிருந்து பார்த்தால், அது உடையும் இடம் ஓர் உறுப்பிலிருந்து அடுத்த உறுப்புக்கு நகர்ந்துகொண்டே போன வரலாறாகத் தெரிகிறது.

வானொலி அலையால் இயக்கப்படும் கார்களை வணிகமாக விற்பதில் இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் அது செய்த மின்சார ஃபெராரி 250 எல்எம் கார் 1966இன் இறுதியில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகள் எரிபொருள் என்ஜின் பூட்டிய கார்களுக்கே உரியவையாக இருந்தன. மின்சாரக் காரைப் பரவலாக்கிய பெருமை ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனத்தைச் சேரும். 1946இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கி, மரத்தாலான மாதிரிகளைச் செய்து, பின்னர் பிளாஸ்டிக்குக்கு மாறிய இந்நிறுவனம், 1976இல் போர்ஷே 934 காரின் மாதிரியை முதலில் அலமாரியில் வைக்கும் காட்சிப் பொருளாகவும், அந்த ஆண்டின் இறுதியில் ரிமோட்டில் ஓடும் காராகவும் வெளியிட்டது. நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு தமியா, மாதிரியின் நுணுக்கம் பிசகக் கூடாதென்று உண்மையான போர்ஷே 911 ஒன்றை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்த செய்தி இத்துறையில் நெடுங்காலமாகப் பேசப்படுவது. அந்த ரிமோட் காரின் பின்புறத்தில் இருந்தது 540 மோட்டார்.

தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் 540 மோட்டார் சாதுவானது. தலா 1.2 வோல்ட் தரும் ஆறு நிக்கல்-காட்மியம் மின்கலங்களைத் தொடராக இணைத்தால் கிடைக்கும் 7.2 வோல்ட்டில், சுமையின்றி அது நிமிடத்துக்குச் சுமார் 15,000 முறை சுழலும். பிளாஸ்டிக் பல்சக்கரங்களும், பால் பேரிங்குக்குப் பதிலாக வைக்கப்பட்ட பிளாஸ்டிக் புஷ்களும் அந்த விசையைச் சிரமமின்றித் தாங்கின. தமியா 1984இல் வெளியிட்ட கிராஸ்ஹாப்பர் என்ற கார் இதைவிடச் சிறிய 380 மோட்டாருடனும், அதே ஆண்டின் ஹார்னெட் என்ற கார் 540 மோட்டாருடனும் வந்தன. இரண்டுக்கும் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. கிராஸ்ஹாப்பரின் கியர் பெட்டியில் பெரிய மோட்டாரைப் பூட்டினால் அது ஹார்னெட்டின் வேகத்தை எட்டிவிடும். மோட்டாரை மாற்றுதல் என்ற பழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுசேர்த்தது இந்த இரட்டைக் கார்கள்தாம் எனலாம். ஆனால் அனுபவசாலிகள் சொன்ன முதல் மாற்றம் மோட்டாரே அன்று. புஷ்களை அகற்றிவிட்டுப் பால் பேரிங் போடுவதே மலிவானதும் அறிவார்ந்ததுமான மேம்பாடு, ஏனெனில் அது உராய்வில் வீணாகும் விசையை மீட்டுத் தருகிறதே ஒழிய எந்த உறுப்பின்மீதும் புதிய சுமையை ஏற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதாலோ என்னவோ, அந்த அறிவுரை பெரும்பாலும் இரண்டாவதாகவே பின்பற்றப்பட்டது.

விளைவுகள் உடனே தென்பட்டன. 1983இல் வந்த தமியாவின் ஃப்ராக் காரில் கியர் பெட்டியையும் சக்கரத்தையும் இணைத்த ஷாஃப்ட்டின் முனைகள் அறுகோண வடிவில் இருந்தன. சாதாரண மோட்டாருக்கு அவை போதுமானவை. வேகமான மோட்டார் பூட்டியதும், ஒவ்வொரு முடுக்கத்திலும் அறுகோணத்தின் முனைகள் சிறிது சிறிதாகத் தேய்ந்து வட்டமாகி, ஒரு நாள் மோட்டார் இரைந்து சுழலச் சக்கரம் அசையாமல் நிற்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் கலிபோர்னியாவின் சிறு பட்டறைகள் எஃகு ஷாஃப்ட்டுகளையும் புது வகை டிஃபரன்ஷியல்களையும் செய்து விற்கத் தொடங்கின. காரைச் செய்தவர் ஒருவர், அதன் குறையைத் தீர்த்துப் பிழைப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு இத்துறையில் இவ்வாறே வேரூன்றியது.

மோட்டாரை வேகமாக்கும் கலை அதன் உள்ளே சுற்றப்பட்ட செப்புக் கம்பியில் இருந்தது. பழைய வகை மோட்டாரில் நடுவில் சுழலும் ஆர்மேச்சருக்கு மூன்று புயங்கள் உண்டு. ஒவ்வொரு புயத்திலும் கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டிருக்கிறது என்பதே அந்த மோட்டாரின் பெயராயிற்று. 27 சுற்று என்பது புதியவர்களுக்கான பொதுப் பிரிவு. 12 சுற்று, 10 சுற்று என்பவை கைதேர்ந்தவர்களுக்கானவை. ஒற்றைக் கம்பியால் சுற்றினால் சிங்கிள் என்றும், இரண்டு மெல்லிய கம்பிகளைச் சேர்த்துச் சுற்றினால் டபுள் என்றும் வழங்கினர். எண்ணிக்கை குறையக் குறைய வேகம் கூடுவது முதலில் முரணாகத் தோன்றும். தமிழகத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும். காந்தமும் மின்னழுத்தமும் மாறாமல் சுற்றுகளை மட்டும் பாதியாக்கினால், சுமையற்ற வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கம்பியின் நீளம் பாதியாவதோடு, அதே இடத்துக்குள் இருமடங்கு பருமனான கம்பி அடங்குமாதலால், மின்தடை நான்கில் ஒரு பங்காகக் குறைந்து, நின்ற நிலையில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் நான்கு மடங்காகும். அச்சைத் திருப்பும் முறுக்குவிசை, அதாவது பட்டறை மொழியில் டார்க், தொடக்கக் கணத்தில் இரட்டிப்பாகும். மாற்றப்பட்டது செப்புக் கம்பி மட்டுமே; ஆனால் பினியன் பல்லின்மீது விழும் அடி இருமடங்காகிவிட்டது.

இந்தக் கலையில் பெயர் பெற்றவர் கலிபோர்னியாவின் மைக் ரீடி. அவர் பெயர் தாங்கிய மோட்டார்கள் அசோசியேட்டட் நிறுவனத்தின் கார்களோடு சேர்ந்து பல உலகப் பட்டங்களை ஈட்டின. அந்த நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்சி10 என்ற கார், பொன்னிறம் பூசிய அலுமினிய அடித்தளமும் ஆறு பல்சக்கரங்கள் அடங்கிய மூடிய கியர் பெட்டியும் கொண்டு, பொம்மைக்கும் பந்தயப் பொறிக்கும் இடையிலான கோட்டைத் தெளிவாக வரைந்தது. பந்தய மோட்டார் ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையே கேட்ட பராமரிப்பு வியக்கத்தக்கது. ஆர்மேச்சரின் ஒரு முனையில் மூன்று செப்புத் தகடுகளாலான கம்யூட்டேட்டர் என்னும் உருளை இருக்கும். அதன்மீது உரசியவாறே இரண்டு கார்பன் பிரஷ்கள் மின்சாரத்தை ஊட்டும். ஐந்து நிமிட ஓட்டத்திலேயே தீப்பொறி பட்டுச் செம்பு கறுத்து, நடுவில் லேசான பள்ளம் விழும். மோட்டாரைப் பிரித்து, ஆர்மேச்சரைக் கையகலக் கடைசல் எந்திரத்தில் ஏற்றி, வைர முனையால் முடியளவு செம்பைச் சீவி எடுத்து, தகடுகளுக்கிடையே சிக்கிய செப்புத் துகளை மெல்லிய பிளேடால் கீறி வெளியேற்றி, புதிய பிரஷ்ஷும் விறைப்பான ஸ்பிரிங்கும் இட்டு மறுபடி பூட்டுவர். தகடுகளின் இடுக்கில் ஒரு துகள் தங்கிவிட்டாலும் அடுத்த ஓட்டத்தில் வார்னிஷ் கருகும் நெடி எழும். திறமையுள்ளவன் வெல்கிறானா, கடைசல் எந்திரம் வைத்திருப்பவன் வெல்கிறானா என்ற பூசல் பந்தய மன்றங்களில் ஓயாதிருந்ததற்கு இதுவே காரணம்; 27 சுற்று என்று கட்டி, பிரஷ் கோணத்தையும் மாற்ற முடியாமல் பூட்டிய மோட்டார்களை அமெரிக்கப் பந்தய விதிகள் தனிப் பிரிவாக வகுத்ததும் அந்தப் பூசலை ஓரளவு தணிக்கவே.

ஆனால் இந்தக் காலத்தின் ஆழமான மாற்றம் மோட்டாரில் நிகழவில்லை, டிஃபரன்ஷியலில் நிகழ்ந்தது. பந்தயக் கார் என்ஜின்களுக்குப் பெயர்பெற்ற காஸ்வர்த் நிறுவனத்தில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் செசில் ஷூமாக்கர், 1980 வாக்கில் குண்டு டிஃபரன்ஷியல் என்ற அமைப்பை வணிகமாக விற்கத் தொடங்கினார். அதில் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடிப்பதில்லை. ஒரு பெரிய பல்சக்கரத்தின் வட்டில் துளையிட்டு அவற்றில் சிறிய எஃகுக் குண்டுகளை இட்டு, இருபுறமும் வழவழப்பான எஃகு வளையங்களால் அழுத்தி, நடுவே ஒரு திருகும் ஸ்பிரிங்கும் கொண்டு இறுக்கினால், சாதாரண ஓட்டத்தில் குண்டுகள் இரு வளையங்களையும் சேர்த்து இழுத்துச் செல்லும். வளைவில் குண்டுகள் தம் இடத்திலேயே உருண்டு, ஒரு வளையம் முன்னும் மற்றது பின்னுமாகச் சுழல இடந்தரும். எடை குறைவு, இயக்கம் மென்மை என்பவை வெளிப்படையான நன்மைகள். அதைவிட முக்கியமானது, தாங்க முடியாத விசை வந்தால் குண்டுகள் வழுக்கிவிடும் என்பது: பல் உடைவதற்குப் பதிலாக வளையம் சற்றுத் தேயும். இயக்கத் தொடரில் வழுக்கலைக் குறையாகக் கருதாமல் காப்பாகக் கருதும் சிந்தனை இங்கேதான் உருப்பெறத் தொடங்கியது.

பத்தில் ஒரு பங்கு அளவு மண்தளக் கார்களுக்கான முதல் உலகப் போட்டி 1985இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்தபோது, இருசக்கர இயக்கப் பிரிவில் ஜே ஹால்சி ஆர்சி10 காரிலும், நான்கு சக்கர இயக்கப் பிரிவில் கில் லோசி ஜூனியர் ஜப்பானின் யோகோமோ காரிலும் வென்றனர். யோகோமோ காரில் முன்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசென்றது சைக்கிள் சங்கிலியின் குட்டி வடிவம். சங்கிலி உறுதியானது, ஆனால் மண்ணை அள்ளிக் கடிக்கும், நீளும், இரையும். இரண்டே ஆண்டுகளில், 1987இல் இங்கிலாந்தின் ரோம்சியில் நடந்த அடுத்த போட்டியில், மசாமி ஹிரோசாகா ஷூமாக்கரின் கேட் என்ற காரில் நான்கு சக்கரப் பட்டத்தை வென்றார். அந்தக் காரில் சங்கிலிக்குப் பதில் பல் பெல்ட்டும், இரு முனைகளிலும் குண்டு டிஃபரன்ஷியலும் இருந்தன. மோட்டாரின் அடியைப் பெல்ட்டின் நெகிழ்வு வாங்கிக்கொண்டது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தொடக்கத்தில் ஒரு சர்வோ மோட்டார் தாமிர முள்ளொன்றை நகர்த்தி, சில படிகளில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தது. மிச்ச மின்சாரம் பீங்கான் தடையொன்றில் வெப்பமாகி வீணாயிற்று. 1980களில் நோவாக் முதலிய நிறுவனங்கள் டிரான்சிஸ்டரால் நொடிக்குப் பலமுறை மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் மின்னணுக் கருவிகளைக் கொணர்ந்ததும், விசை படிப்படியாக எழாமல் வழவழவென்று எழத் தொடங்கியது. இது மோட்டாருக்கும் கியருக்கும் ஒருசேர நல்லது.

குண்டு டிஃபரன்ஷியல் உணர்த்திய பாடத்தை ஸ்லிப்பர் கிளட்ச் முழுமையாக்கியது. ஸ்பர் கியரின் இருபுறமும் உராய்வுத் தகடுகளை வைத்து, ஒரு ஸ்பிரிங்கையும் திருகாணியையும் கொண்டு அழுத்தும் இந்த அமைப்பில், அழுத்தத்தைவிட மிகுந்த முறுக்குவிசை வரும்போது ஸ்பர் மட்டும் சுழல, ஷாஃப்ட் ஒரு கணம் பின்தங்கும். கார் உயரத்திலிருந்து தாவி, சக்கரங்கள் காற்றில் முழுவேகத்தில் சுழன்றபடியே தரையைத் தொடும் கணம் இதற்குச் சரியான சோதனை: தரை சக்கரத்தைத் திடீரென நிறுத்த, மோட்டாரோ நிற்க மறுக்க, இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட பல் தான் விலை கொடுக்கும். ஸ்லிப்பர் சரியாக இருந்தால் ‘விர்’ரென்ற ஓசையோடு அந்த அதிர்ச்சி வெப்பமாகக் கரைந்துவிடும். பின்சக்கரம் இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்பரைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்து, முயன்றால்தான் நகரும் என்ற நிலையில் திருகாணியை நிறுத்துவது பழக்கப்பட்டவர்களின் முறை. முழுதாக இறுக்கிவிட்டால் முடுக்கம் கூடும் என்று எண்ணியவர்கள் அடுத்த வாரமே ஸ்பர் கியர் வாங்கக் கடைக்கு வந்தனர்.

1990களில் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. மின்கலத்தின் கொள்ளளவு கூடியது, நிக்கல்-காட்மியம் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடுக்கு இடம் தந்தது, கியர் பெட்டிகள் மெல்ல மெல்ல மூடப்பட்டன. புதிய அழுத்தம் பெரிய டிரக்குகளிலிருந்து வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் டிராக்சாஸ் நிறுவனம் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட ஈ-மேக்ஸ், 540ஐவிட நீண்ட 550 மோட்டார் இரண்டையும், 7.2 வோல்ட் பேட்டரி இரண்டையும் கொண்டு 14.4 வோல்ட்டில் ஓடியது. பெருஞ்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசென்றவை ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பிளாஸ்டிக் ஷாஃப்ட்டுகள். மோட்டார் மாற்றப்பட்டதும் அவை முறுக்கிக்கொண்டு கிழிந்தன. எஃகு ஷாஃப்ட் போட்டதும் டிஃபரன்ஷியலின் பற்கள் உதிர்ந்தன. அவற்றைக் கெட்டி எஃகாக்கியதும் டிஃபரன்ஷியல் உறையே நெகிழ்ந்து பற்கள் விலகின. ஒரு கண்ணியை வலுவாக்கினால் அடுத்த கண்ணி தன்னை வெளிப்படுத்தும் என்பதை இந்த டிரக் அளவுக்கு வேறெந்த வண்டியும் கற்பித்ததில்லை. சக்கரத்தைத் தாங்கும் கைகளையெல்லாம் நீல நிற அலுமினியத்துக்கு மாற்றிப் பளபளக்கச் செய்த மோகமும் இக்காலத்ததே. பிளாஸ்டிக் கை வளைந்து விழுங்கிய மோதலை அலுமினியக் கை அப்படியே அடுத்திருந்த விலைமிகுந்த உறுப்புக்குக் கடத்தியது. அழகுக்குச் செய்த செலவு பழுதுக்கான செலவையும் கூட்டியது.

பழைய மோட்டாரை அடியோடு தலைகீழாக்கியது பிரஷ்லெஸ் மோட்டார். முன்பு கம்பி சுழன்றது, காந்தம் உறையில் ஒட்டி நின்றது. இப்போது கம்பி உறையோடு நின்றுவிட, காந்தம் நடுவில் சுழல்கிறது. சுழலும் பகுதிக்கு மின்சாரம் ஊட்ட வேண்டியதில்லை என்பதால் கார்பன் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் இல்லை, தீப்பொறி இல்லை, கடைசல் எந்திரமும் தேவையில்லை. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தருவது என்பதை மின்னணுக் கருவி தீர்மானிக்கிறது. வெப்பம் பிறக்கும் கம்பி வெளியுறையை ஒட்டி இருப்பதால் எளிதில் குளிர்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிட்டோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியம் காந்தம் இதற்கு வலிமை தந்தது. மாதிரி விமானங்களில் முதலில் இடம்பிடித்த இந்த மோட்டாரை, 2003இல் நோவாக் நிறுவனம் 540 உறையின் அளவிலேயே ரிமோட் கார்களுக்காக வெளியிட்டது. பழைய திருகுத் துளைகள் அப்போதும் பயன்பட்டன. பந்தய விதிகள் சில ஆண்டுகளில் இணங்கின. பழைய 27 சுற்றுப் பிரிவின் இடத்தை 17.5 சுற்றுப் பிரஷ்லெஸ் பிரிவு எடுத்துக்கொண்டது. கேன்சஸ் மாநிலத்தின் காசில் கிரியேஷன்ஸ் நிறுவனம் மாம்பா என்ற பெயரில் விற்ற கருவிகள் பந்தயத்துக்கு வெளியே, முற்றத்திலும் மைதானத்திலும் ஓட்டுபவர்களிடம் இதைக் கொண்டுசென்றன. அதே ஆண்டுகளில் லித்தியம்-பாலிமர் மின்கலமும் வந்துசேர்ந்தது. அதன் ஒரு கலம் 3.7 வோல்ட், இரண்டு கலம் 2எஸ், ஆறு கலம் 6எஸ் என வழங்கப்படும். பழைய மின்கலம் திணறிய மின்னோட்டத்தை இது சளைக்காமல் தந்தது.

புதிய மோட்டாரின் தன்மையைச் சொல்லும் எண் ‘கேவி’ எனப்படும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுழற்சி என்பதே அதன் பொருள். 2,200 கேவி மோட்டாரை 4எஸ் பேட்டரியின் 14.8 வோல்ட்டில் ஓட்டினால் 32,560 சுழற்சி. 6எஸ் பேட்டரியின் 22.2 வோல்ட்டில் 48,840. பினியனுக்கு 15 பல், ஸ்பருக்கு 46 பல், டிஃபரன்ஷியலின் உள் விகிதம் 4.3 என்று கொண்டால், மோட்டார் 13 முறைக்குச் சற்று அதிகமாகச் சுழலும்போது சக்கரம் ஒருமுறை சுழலும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் இது கணக்குப்படி 4எஸ்ஸில் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டரையும், 6எஸ்ஸில் 105 கிலோமீட்டரையும் தரும். இங்கே 15 பல் பினியனுக்குப் பதில் 17 பல் போட்டால் கணக்கு 119ஐக் காட்டும். இரண்டு பல்லின் விலை சில ரூபாய்தான். ஆனால் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்வதால், அந்த 13 விழுக்காட்டு வேகத்துக்காக மோட்டார் ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக உழைக்க வேண்டும். காரின் முதல் ஓட்டத்துக்குப் பிறகு மோட்டார் உறையின்மீது விரலை வைக்க முடிகிறதா என்று பார்ப்பவர்கள், பினியன் மாற்றிய பின் வெப்பமானியை நாடியது இதனால்தான். அளவுக்கு மீறிச் சூடான காந்தம் தன் வலிமையில் ஒரு பகுதியை இழந்தால் மறுபடி பெறுவதில்லை.

இவ்வளவு விசையைத் தாங்கும் இயக்கத் தொடர் ஏற்கெனவே ஓரிடத்தில் இருந்தது: எட்டில் ஒரு பங்கு அளவுள்ள எரிபொருள் பந்தயக் கார்களில். மூன்று டிஃபரன்ஷியல்கள், கெட்டி எஃகுப் பற்கள், தடித்த ஷாஃப்ட்டுகள் என அவை தாராளமாகக் கட்டப்பட்டிருந்தன. 2000களின் பிற்பாதியில் பொழுதுபோக்காளர்கள் பலர் அவற்றின் என்ஜினையும் எரிபொருள் தொட்டியையும் அகற்றிவிட்டு, தாமே அறுத்த அலுமினியத் தகட்டில் பிரஷ்லெஸ் மோட்டாரைப் பூட்டினர். நிறுவனங்கள் அவர்களைப் பின்தொடர்ந்தே தொழிற்சாலை வடிவங்களைக் கொணர்ந்தன. அங்கும் ஓர் எதிர்பாராச் சிக்கல் இருந்தது. என்ஜின், கிளட்ச் மெல்லப் பிடித்த பின்பே விசையைத் தரும். பிரஷ்லெஸ் மோட்டாரோ நின்ற இடத்திலேயே முழு முறுக்குவிசையையும் கொட்டும். நடு டிஃபரன்ஷியலில் நிரப்பிய சிலிக்கான் எண்ணெய் நீர்த்திருந்தால், விசை முழுவதும் எளிய வழியைத் தேடி முன்சக்கரங்களுக்கு ஓடி, அவை காற்றில் சுழன்று பலூன் போல் ஊதும். எண்ணெயைத் தேன் பதத்திலிருந்து காய்ச்சிய வெல்லப்பாகுப் பதத்துக்குக் கெட்டியாக்கியதும் விசை பின்சக்கரங்களுக்கும் பகிரப்பட்டது. கார் முன்னங்காலைத் தூக்கிப் பாய்ந்தது.

பற்களின் பொருத்தமும் அதுவரை இல்லாத கண்டிப்பைக் கோரியது. பினியனும் ஸ்பரும் நெருக்கமாக இருந்தால் பேரிங் சூடேறும். தளர்வாக இருந்தால் பல்லின் நுனி மட்டும் சுமை தாங்கிச் சீவப்படும். இந்தக் கண்டிப்புக்குக் கிடைத்த கருவி நோட்டுத் தாளின் ஒரு துண்டு. இரண்டு சக்கரங்களின் பற்களுக்கிடையே தாளைச் செருகி, மோட்டாரை ஸ்பரோடு அழுத்திப் பிடித்துத் திருகுகளை முடுக்கி, பின் ஸ்பரைச் சுழற்றித் தாளை வெளியே உருட்டி எடுத்தால், தாளின் கனமே பற்களுக்கிடையேயான இடைவெளியாக எஞ்சும். தாள் கிழியாமல் விசிறி மடிப்பாக வெளிவந்தால் பொருத்தம் சரி. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பள்ளி நோட்டால் அளக்கும் இந்த முறை இன்றும் கைவிடப்படவில்லை.

டிராக்சாஸ் நிறுவனம் 2011இல் வெளியிட்ட எக்ஸ்ஓ-1, மணிக்கு 100 மைல் வேகத்தைக் கடையில் வாங்கும் காருக்கே வாக்களித்தது; உரிமையாளர் கைப்பேசிச் செயலிவழி பூட்டைத் திறக்கும்வரை அது 50 மைலைத் தாண்டாதவாறு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 2015இல் வந்த எக்ஸ்-மேக்ஸ் டிரக் வேறு திசையில் சென்றது: எட்டுக் கிலோவைத் தாண்டும் எடையுள்ள அதில், பின்னர் 8எஸ் பேட்டரியின் 29.6 வோல்ட் பாய்ச்சப்பட்டபோது, ஸ்பர் கியரின் நடுவே ரப்பர் மெத்தை வைக்கப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் மெக்கானிக்குகள் கப்ளிங் ரப்பர் என்று சொல்வதே அது; சங்கிலியின் வெட்டிழுப்பு சக்கரத்துக்குப் போகாமல் தடுக்க அங்கே இருப்பது, இங்கே பல்லுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே வந்தமர்ந்தது. வலுவைக் கூட்டிக்கொண்டே போவதில் ஓர் எல்லைக்குமேல் பயனில்லை என்று கண்ட பொறியாளர்கள், 1980களின் குண்டு டிஃபரன்ஷியலைப் போலவே, மீண்டும் விட்டுக்கொடுக்கும் உறுப்பு ஒன்றைத் தொடரின் நடுவில் வைத்தனர்.

வேகச் சாதனைக்கென்றே கட்டப்படும் கார்களில் விட்டுக்கொடுக்க எதுவும் வைப்பதில்லை. தாவலும் மோதலும் இல்லாத நேர்ச்சாலையில் சீராக எழும் வேகத்தில் ஸ்லிப்பருக்கு வேலையில்லை. 2014 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செயின்ட் ஜார்ஜில் நிக் கேஸ் ஓட்டிய கார் மணிக்கு 325.12 கிலோமீட்டரை எட்டிக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. கம்பி, காந்தம், பல், ஷாஃப்ட் ஆகிய யாவும் தாங்கிவிட்ட அந்த வேகத்தில், இயக்கத் தொடரின் கடைசிக் கண்ணியாக எஞ்சுவது டயர். சக்கரத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது நிமிடத்துக்கு 17,000 முறைக்குமேல் சுழல வேண்டும். அப்போது அதன் விளிம்பிலுள்ள ஒரு கிராம் ரப்பர், பதினாறு கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல் வெளிநோக்கி இழுக்கப்படும். சக்கரத்தோடு அந்த ரப்பரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு படலம் பசை.